சிங்கத்துக்கு வைத்த பொறி

சின்னவள் ஒரு வாரமாகச் சிரித்த முகமாகவே இருந்தாள். அவள் சத்தம் போட்டால் அந்த வீட்டில் யாரும் பயப்படுவதில்லை. சிரித்தால்தான் பயம். யாருக்கோ கெட்ட காலம் பிறந்துவிட்டது என்று அவள் புருஷனுக்குத் தெரியும்.

போன வாரம் விட்ட இடத்தை ஒரு தடவை சொல்லிவிடுகிறேன். நீங்கள் மறந்திருக்க மாட்டீர்கள். நடுவில் புதிதாக யாராவது வந்து உட்கார்ந்திருந்தால் அவர்களுக்காக.

காது மெஷின் பொருத்துவது சின்னவளின் தொழில். ஒருவரிடம் கைகட்டி வேலை பார்த்தது போதும் என்று சொந்தக் கடைக்கு இடம் தேடிக்கொண்டிருந்தாள். பஸ் ஸ்டாண்டுக்கு எதிரே, கண்ணாடிக் கதவு போட்ட சின்னக் கடை ஒன்று அமைந்தது. அதை அவள் சொன்னது ஒரே ஒரு ஆளிடம். தன் புருஷனிடம், தன் வீட்டுக் கூடத்தில் உட்கார்ந்துகொண்டு. அடுத்த வாரமே முதலாளி கூப்பிட்டார்.

"பஸ் ஸ்டாண்டுக்கு எதிர்ல, கண்ணாடிக் கதவு போட்ட கடைதானே? அதை நான் பேசி முடிச்சுட்டேன். நீ சனிக்கிழமையோட கிளம்பிக்கலாம்."

கடையும் போச்சு, வேலையும் போச்சு.

சுவருக்கும் காது உண்டு என்பார்கள். சுவரைத் தட்டிப் பார்க்க அவளுக்குப் பொறுமை இல்லை. கூடத்து அலமாரியில் உட்கார்ந்திருந்த கிளியைப் பிடித்தாள்.

கிளி என்றால் பறவை இல்லை. பேசும் பெட்டி. மணி கேட்டால் சொல்லும். பாட்டுக் கேட்டால் கேட்காத பாட்டைப் போடும். புது வீட்டுக்குக் குடிவந்தபோது அக்கா புருஷன் பரிசாகக் கொடுத்து, தானே மாட்டியும் விட்டுப் போனது. "வெளியூர் போனாக்கூட போன்லயே வீட்டுச் சத்தத்தைக் கேட்டுக்கலாம்" என்று அன்றைக்கே பெருமையடித்தார். சின்னவளின் புருஷன் லிஃப்ட் மெக்கானிக். அவன் அந்தப் பெட்டியின் உள் விவரங்களைத் திறந்து பார்த்தபோது, இந்த வீட்டுச் சத்தத்தைக் கேட்க இரண்டு போன்களுக்கு அனுமதி இருந்தது. ஒன்று அவனுடையது. இன்னொன்றின் பெயர் 'சிங்கம்'.

இந்தக் குடும்பத்தில் சிங்கம் ஒன்றுதான். அக்கா புருஷனின் கடை போர்டிலேயே சிங்கத் தலை இருக்கும். கேமரா, கைரேகைப் பூட்டு, முகம் பார்த்துத் திறக்கும் கதவு எல்லாம் விற்பார். கல்யாணமான நாளிலிருந்து எல்லாரும் சிங்கம் என்றே கூப்பிட்டு, மனுஷருக்குப் பிடரி வளர்ந்ததாகவே நினைப்பு. சின்னவள் கடை போடப்போகிறாள் என்றதும், "காது கேக்காதவங்களுக்குக் கடையா? விளம்பரம் பண்ணா யாருக்கும்மா கேக்கும்?" என்று எல்லார் எதிரிலும் சிரித்தவர். முதலாளியின் கிளினிக்குக்குக் கேமரா மாட்டியதும் அவரே. இருவரும் சேர்ந்து டீ குடிக்கிற சிநேகிதம் வேறு. இதற்கு மேல் என்ன சாட்சி வேண்டும்? வேலியே பயிரை மேய்ந்துவிட்டது.

போலீஸில் புகார் கொடுத்தாயிற்று. ஆனால் சின்னவளுக்கு அது போதவில்லை. யாருக்கும் தெரியாமல் தன் கடையைப் பறித்தவனை நாலு பேர் பார்க்க உரிக்க வேண்டும் என்று இருந்தது.

அதனால்தான் நேற்று மாலை கிளிக்கு எதிரே நாற்காலியை இழுத்துப் போட்டுக்கொண்டு நாடகம் ஆரம்பித்தாள்.

"ஏங்க, அம்மாவை இங்கயே கூட்டிட்டு வந்துடலாம்னு இருக்கேன். சின்ன ரூமைக் காலி பண்ணி, பச்சைப் பெயிண்ட் அடிச்சு, ஜன்னல் ஓரமாக் கட்டில் போட்டுடலாம். அந்த இருட்டு வீட்டுல எதுக்குக் கிடக்கணும்? எங்க அம்மாவை நான் பார்த்துக்கிறேன்."

"தாராளமா. எப்ப?" என்றான் புருஷன். அவள் சொல்லிக்கொடுத்த வசனம்.

"பெயிண்ட் காஞ்ச உடனே."

சுத்தப் பொய். சின்ன ரூமில் ஓடாத ஃபேனும் உடைந்த சைக்கிளும் இருந்தன, இருக்கும். ஆனால் பொறியில் வைக்கிற துண்டு எலிக்குப் பிடித்ததாக இருக்க வேண்டாமா? அக்கா குடும்பம் இருக்கிற வீடு அம்மாவுடையது. முன்பக்கம் சிங்கத்தின் கடை, பின்பக்கம் அம்மா, மாடியில் அக்காவும் சிங்கமும். அம்மா கிளம்பினால் வீடு என்ன ஆகும் என்கிற பேச்சு வரும். இந்தச் செய்தி காதில் விழுந்தால் சிங்கம் கர்ஜித்துக்கொண்டு வெளியே வந்தே தீரும் என்று கணக்குப் போட்டாள். அம்மாவிடம் சொல்லவில்லை. அக்காவிடமும் மூச்சு விடவில்லை. கிளிக்கு மட்டும்தான் சொன்னாள்.

*

சனிக்கிழமை காலை சைபர் பிரிவு அதிகாரியின் குரலோடு விடிந்தது.

சின்னவள் தன் போனை எடுத்தாள். தன் போன் என்பது பேச்சுக்கு. அக்கா வைத்திருந்து கழித்தது. இந்தக் குடும்பத்தில் கடைக்குப் போய் போன் வாங்குகிற ஒரே ஆள் சிங்கம்தான். அவர் கழித்தது அக்காவுக்கு, அக்கா கழித்தது யாருக்குத் தேவையோ அவர்களுக்கு. அண்ணன் சட்டை தம்பிக்கு வருகிற மாதிரி வந்துகொண்டிருக்கும். அந்த ஆளுடைய மிச்சத்தை இன்னும் காதில் வைத்துப் பேசுகிறோமே என்பதே அவளுக்கு இப்போது எரிந்தது.

"குடும்பத்துக்குள்ள நடந்த விஷயம்னு எழுதியிருக்கீங்களேம்மா. கூப்பிட்டு ஒரு மிரட்டு மிரட்டி அனுப்பிடவா?" என்றார் அதிகாரி.

"மிரட்டுறதுக்கா சார் உங்ககிட்ட வந்தேன்? அந்த போன் யார் கையில இருக்கோ அவங்களைக் கூட்டிட்டுப் போங்க. தெருவே பார்க்கக் கூட்டிட்டுப் போங்க."

"அப்புறம் நீங்களே வந்து விட்டுடுங்கன்னு அழக்கூடாது."

"அழ மாட்டேன். எழுதி வேணாத் தரேன்."

அதை அப்படியே மெசேஜாகத் தட்டி அனுப்பிவிட்டுத்தான் பல் தேய்க்கப் போனாள். புருஷன் குளியலறை வாசலில் வந்து நின்றான்.

"லிஃப்ட்ல மாட்டுறவங்க எல்லாரும் கதவை உடைக்கத்தான் பார்ப்பாங்க. கொஞ்சம் சும்மா நின்னா அதுவே தரையில வந்து நிக்கும்."

"உங்க லிஃப்ட் என்னைக்குத் தானா நின்னிருக்கு? மூணாவது மாடி வக்கீலம்மாவைக் கேளுங்க, கதை கதையாச் சொல்வாங்க."

"நான் என்ன சொல்ல வர்றேன்னா, சிங்கத்துக்கு வாய்தான் நீளம். ஒட்டுக் கேக்கப் பொறுமை வேணும். அந்த ஆளுக்கு அது கிடையாது."

"என் கடை போச்சுங்க. வாடகைக்கு வேற கடை கிடைக்கும்னு சொல்லாதீங்க. என் வீட்டுல நான் பேசினதைத் திருடி எடுத்துட்டுப் போய் வித்திருக்கான். உங்ககிட்ட நான் ராத்திரி அழுததையும் கேட்டிருப்பான். அதை நினைச்சா எனக்கு உடம்பு கூசுது."

அவன் துண்டை எடுத்து அவள் தோளில் போட்டுவிட்டு நகர்ந்தான்.

*

கிளினிக்கில் கடைசி நாள். பாதி நாள் வேலைதான். சத்தம் புகாத அந்தச் சின்னக் கண்ணாடி அறையில் ஒரு பெரியவர் உட்கார்ந்திருந்தார். அவர் காதுக்கு வார்த்த அச்சைப் பொருத்தி, மெஷினை அவருடைய போனோடு இணைத்துக் கொடுத்தாள். இது அவள் கண்ணை மூடிக்கொண்டு செய்கிற காரியம். போனில் என்ன சத்தம் வந்தாலும் இனி நேராகக் காதுக்குள் போய்விடும். அம்மாவுக்கும் அவள்தான் இப்படி இணைத்துவிட்டிருந்தாள்.

"எல்லாத்தையும் சேர்த்து விட்டுட்டேன் ஐயா. இனிமே எல்லாம் உங்க காதுக்கே வரும்."

"என் மருமக பேசுறதும் வருமா?"

"வரும்."

"அப்ப கழட்டும்மா" என்றார் பெரியவர். சின்னவள் உண்மையாகவே சிரித்தாள். அந்த அறையை விட்டுப் போகிறோம் என்று அப்போதுதான் உறைத்தது.

முதலாளி மேஜைக்குப் பின்னாலிருந்து எழுந்திருக்கவில்லை. சாவியை வாங்கிக்கொண்டார்.

"மனசுல எதையும் வெச்சுக்காதே. வியாபாரம்னா அப்படித்தான். அம்மா எப்படி இருக்காங்க? போன தடவை பேட்டரி மாத்த வந்தப்ப ரொம்ப நேரம் பேசிட்டு இருந்தாங்க. நல்ல மனுஷி."

"எங்க அம்மாவைப் பத்தி நீங்க பேச வேண்டாம் சார்" என்று சொல்லிவிட்டு வெளியே வந்தாள். உள்ளூர இன்னொரு கணக்கும் போட்டுக்கொண்டாள். இன்றைக்குச் சிங்கம். அடுத்தது இந்த ஆள். ஒவ்வொருத்தராக வரட்டும்.

நண்பர்களே, அவள் அந்த இடத்தில் ஒரு நிமிஷம் நின்று யோசித்திருக்கலாம். ஆத்திரக்காரனுக்குப் புத்தி மட்டு என்று சும்மாவா சொன்னார்கள்?

*

சாயங்காலம் அவர்கள் குடியிருப்பின் கூட்டம். வண்டிகளை வெளியே தள்ளிவிட்டு, கீழ்த்தளத்தில் பிளாஸ்டிக் நாற்காலிகளைப் போட்டிருந்தார்கள். வெள்ளைத் திரை, அதற்கு எதிரே லேப்டாப், பக்கத்தில் புதுச் சட்டையில் சிங்கம். இந்தக் கட்டடம் முழுக்க முகம் பார்த்துத் திறக்கும் வாசல் கதவு போடுகிற வேலை அவருக்குக் கிடைக்கப்போகிறது. அவர் தொழில் ஆரம்பித்ததிலிருந்து இவ்வளவு பெரிய வேலை வந்ததில்லை. அக்கா வயர்களைப் பிரித்துக்கொண்டே தங்கையைப் பார்த்துக் கையசைத்தாள்.

சின்னவள் கடைசி வரிசையில் உட்கார்ந்தாள். காலையிலிருந்து சிங்கம் கர்ஜிக்கவில்லை, போன் கூடப் பண்ணவில்லை. பொறி வீணோ என்று ஒரு சந்தேகம்.

"சாவியே வேண்டாம். முகத்தைக் காட்டினாப் போதும், கதவு திறக்கும்" என்றார் சிங்கம்.

"என் முகத்தை எங்க வெச்சுக்குவீங்க?" வக்கீலம்மா ஆரம்பித்துவிட்டார். "சாவி தொலைஞ்சா வேற சாவி போட்டுக்கலாம். முகம் தொலைஞ்சா வேற முகம் போட முடியுமா?"

"நல்ல கேள்வி மேடம். எல்லாம் பூட்டி பத்திரமா இருக்கும்."

"யார் பூட்டுறது?"

"நான்தான்."

"அப்ப திறக்கிறதும் நீங்கதானே?"

கூட்டம் சிரித்தது. முதல் மாடிக்காரர் எழுந்து, போன மாதம் தன் வண்டி காணாமல் போனபோது இந்தச் சட்டமெல்லாம் எங்கே போயிற்று என்று கேட்டார். கேமரா இருந்தால் திருடன் மாட்டியிருப்பான் என்றார். வக்கீலம்மா, திருடன் வருஷத்துக்கு ஒரு நாள் வருவான், கேமரா தினமும் என் பெண்ணைப் பார்க்கும் என்றார். இரண்டு பக்கமும் கை தட்டினார்கள். சொல்லப்போனால் இரண்டு பேர் சொன்னதும் நியாயம்தான். செயலாளர் நடுவில் கையெடுத்துக் கும்பிட்டார்.

சிங்கத்துக்குக் கூட்டம் கையை விட்டுப் போவது தெரிந்தது. மார்பை நிமிர்த்தினார்.

"நான் வெளியாள் இல்லைங்க. அதோ பின்னாடி உக்காந்திருக்கே, அது என் கொழுந்தியா. இன்னொண்ணும் சொல்றேன். எங்க அத்தையும் கூடிய சீக்கிரம் இங்கதான் வந்து இருக்கப்போறாங்க. சின்ன ரூமுக்குப் பச்சைப் பெயிண்ட், ஜன்னல் ஓரம் கட்டில், எல்லாம் தயாராகுது. என் அத்தை இருக்கப்போற கட்டடத்துக்கு நான் தப்பான கதவைப் போடுவேனா?"

கர்ஜனை வரும் என்று காத்திருந்தவளுக்குத் தற்பெருமை வந்தது. வந்தது எதுவானாலும் சரி, பொறி விழுந்துவிட்டது. சின்னவளின் நெஞ்சில் ஏதோ இனித்தது. எழுந்தாள்.

"அத்தான், அந்தப் பச்சைப் பெயிண்ட் உங்களுக்கு எப்படித் தெரியும்?"

"அதான்..." என்று வாயெடுத்தவர் சிரித்தார். "ஏம்மா, ரகசியமா?"

"நான் யாருகிட்டயும் சொல்லலை. அக்காகிட்ட சொல்லலை. அம்மாகிட்ட சொல்லலை. என் வீட்டுக் கூடத்துல, கதவைச் சாத்திட்டு, என் புருஷன்கிட்ட மட்டும் சொன்னேன். நீங்க குடுத்த கிளிக்கு முன்னாடி உக்காந்து சொன்னேன். அதுவும் பொய். பெயிண்டும் இல்லை, கட்டிலும் இல்லை. கேக்குறது யாருன்னு பார்க்கத்தான் சொன்னேன்."

முன் வரிசைக்காரர்கள் அத்தனை பேரும் அவள் பக்கம் திரும்பினார்கள்.

அவள் முன்னால் நடந்து போய், தன் போனில் எடுத்து வைத்திருந்த படத்தை அந்த வெள்ளைத் திரையில் விழவைத்தாள். இந்த வீட்டைக் கேட்க அனுமதி பெற்ற போன்: சிங்கம். ஆளுயர எழுத்தில் நின்றது.

"இந்த மனுஷன்கிட்டதான் உங்க எல்லாருடைய முகத்தையும் குடுக்கப்போறீங்க. என் வீட்டுல நான் பேசினதைக் கேட்டு என் முதலாளிகிட்ட சொல்லி என் பொழைப்பைக் கெடுத்தவர். போலீஸ்லயும் எழுதிக் குடுத்துட்டேன். சொல்லுங்க அத்தான், விளம்பரம் பண்ணா யாருக்குக் கேக்கும்னு கேட்டீங்களே. இப்ப எல்லாருக்கும் கேக்குதா?"

அக்கா வயரைக் கீழே போட்டாள். "என்னடி உளர்ற?"

சிங்கம் திரையைப் பார்த்தார். கையிலிருந்த தன் புதுப் போனைப் பார்த்தார். மறுபடி திரையைப் பார்த்தார். அவர் முகத்தில் எதுவோ தெரிந்துகொண்ட மாதிரி ஒரு மாற்றம் வந்தது. வாயைத் திறந்தார். பிறகு கூட்டத்தைப் பார்த்து, அதை மூடிக்கொண்டார்.

"அந்தப் பேர் உங்களுதா?" என்றார் வக்கீலம்மா.

"என் பேர்தான்."

"அப்ப ஒத்துக்கிறீங்களா?"

"எனக்கு ஒண்ணும் சொல்றதுக்கில்லைங்க."

லேப்டாப்பை மூடினார். திரையைச் சுருட்டினார். முதல் மாடிக்காரர்தான் முதலில், "சீ" என்றார். செயலாளர் ஒப்பந்தத்தை எடுத்து மடித்து உள்பைக்குள் வைத்துக்கொண்டார். சிங்கம் யார் முகத்தையும் பார்க்காமல் வண்டியைக் கிளப்பினார். சட்டை முதுகு முழுக்க நனைந்திருந்தது.

அக்கா மட்டும் போகவில்லை. தங்கையின் முகத்துக்கு நேராக வந்து நின்றாள்.

"அவர் கேக்கலை. அவருக்கு நான் பேசுறதே காதுல ஏறாது, உன் பேச்சையா கேக்கப்போறாரு? யார் கேட்டதுன்னு கண்டுபிடிக்காம நான் தூங்க மாட்டேன். கண்டுபிடிச்ச அன்னைக்கு அந்த ஆளையும் விட மாட்டேன், உன்னையும் விட மாட்டேன். இன்னையோட எனக்குத் தங்கச்சி இல்லை."

"எனக்கு அக்கா எப்பவோ இல்லை" என்றாள் சின்னவள். சொல்லும்போது சுகமாகத்தான் இருந்தது.

நாற்காலிகளை அடுக்கிக்கொண்டிருந்த புருஷன் மெதுவாகச் சொன்னான்: "அந்த ஆள் முகத்தைப் பார்த்தியா? அது மாட்டிக்கிட்டவன் முழி இல்லை."

"வேற என்ன முழி?"

"தெரியலை. யாரையோ நினைச்ச மாதிரி இருந்துது."

*

அக்கா முந்திக்கொண்டு அம்மாவின் மனதைக் கலைப்பதற்குள் தான் போய்ச் சொல்லிவிட வேண்டும் என்று சின்னவள் பஸ் பிடித்தாள். வழியெல்லாம் சிங்கத்தின் முதுகையே நினைத்து நினைத்து ருசித்தாள். பஸ் ஸ்டாண்டுக்கு எதிரே அந்தக் கண்ணாடிக் கதவுக்கு முதலாளியின் போர்டு ஏறிக்கொண்டிருந்தது. இன்றைக்கு அதுகூட அவ்வளவாக வலிக்கவில்லை.

சிங்கத் தலை போர்டுக்குக் கீழே கடை ஷட்டர் இறங்கியிருந்தது. பக்கவாட்டுச் சந்தில் புகுந்து பின்பக்க வீட்டுக்குப் போனாள். வெளிச்சம் இன்னும் முழுதாகப் போகவில்லை, ஆனால் அம்மாவின் அறையில் எப்போதும் போல விளக்கு எரிந்தது. பகலிலேயே எரிகிற விளக்கு அது.

உள்ளே போனவள் நின்றுவிட்டாள்.

அலமாரி காலி. ஜன்னல் திரையைக்கூடக் கழற்றி மடித்தாயிற்று. அறை நடுவில் பழைய இரும்புப் பெட்டி, கயிறு போட்டுக் கட்டியிருந்தது. அதன் மேல், வெளியே போகும்போது மட்டும் உடுத்துகிற உடுப்பில், தலையை வழித்து வாரிக்கொண்டு அம்மா உட்கார்ந்திருந்தாள்.

"வந்துட்டியா! இன்னைக்கேவா? பெயிண்ட் காய வேண்டாமா?"

"என்ன பெயிண்ட்டும்மா?" அவள் குரல் அவளுக்கே கேட்கவில்லை.

"பச்சை. எனக்குப் பச்சை பிடிக்கும்னு உனக்கு ஞாபகம் இருக்கும்னு நான் நினைக்கவே இல்லை."

"யாரு சொன்னா உனக்கு?"

"நீதான்."

"நான் எப்பம்மா சொன்னேன்?"

"நேத்து சாயங்காலம். இதுல." அம்மா தன் காதைத் தொட்டுக் காட்டினாள். பக்கத்தில் கிடந்த போனையும் தொட்டுக் காட்டினாள். "காது மெஷினை இதோட சேர்த்துவிட்டு, இனிமே எல்லாம் உன் காதுக்கே வரும்னு சொன்னியே. போன்ல அந்தக் கிளிப் பெட்டியோட படம் இருந்துது. அமுக்கினேன். உன் வீடு வந்துது. நீ பாத்திரம் கழுவுறது, மாப்பிள்ளை தும்முறது எல்லாம். என் பொண்ணு வாயால சொல்ல மாட்டா, நான் தனியா இருக்கக் கூடாதுன்னு இப்படி ஒரு ஏற்பாடு பண்ணி வெச்சிருக்கான்னு எனக்கு அவ்வளவு சந்தோஷம்."

சின்னவள் போனை எடுத்தாள். உறையைப் பிரித்தாள். உள்ளே பாதி உரிந்த சிங்கத் தலை ஸ்டிக்கர். சிங்கம் கழித்து அக்காவுக்கு வந்து, அக்கா கழித்து அம்மாவுக்கு வந்த போன். கிளியை மாட்டிய அன்றைக்கு அவர் கையில் இருந்தது இதுதான். அதற்குப் பிறகு பெயரை மாற்ற யாருக்கும் தோன்றவில்லை. காது மெஷினை இணைத்த அன்றைக்கு அவளுக்கும் தோன்றவில்லை.

"வேற யாருகிட்டயாவது சொன்னியாம்மா? நான் பேசுறதை?"

"ஊருக்கெல்லாமா சொல்வேன்? காலையில பெரிய மாப்பிள்ளைகிட்ட பெயிண்ட் விஷயத்தைச் சொன்னேன். அவருக்கு ரொம்ப சந்தோஷம். பெட்டியை அவர்தான் பரண்ல இருந்து இறக்கிக் குடுத்தாரு. அப்புறம்..." அம்மா கொஞ்சம் தயங்கினாள். "பேட்டரி மாத்தப் போனப்ப உங்க முதலாளிகிட்ட ஒரு வார்த்தை சொன்னேன். பாவம், கடை தேடி அலையுறா, நீங்களே சம்பளத்தைக் கொஞ்சம் உசத்தி வெச்சுக்கக் கூடாதான்னு. பொறுமையாக் கேட்டுக்கிட்டாரு. எந்த இடம்னு கூட விசாரிச்சாரு. உனக்குச் சொன்னா கோவப்படுவேன்னு சொல்லலை. சம்பளத்தை உசத்தினாரா?"

கூட்டத்தின் நடுவே வாயைத் திறந்து மூடிய சிங்கத்தின் முகம் இப்போதுதான் சின்னவளுக்கு விளங்கியது. ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் அவர் தப்பித்திருப்பார். அத்தை பெயரை அத்தனை பேர் நடுவில் சொல்ல அவருக்கு வாய் வரவில்லை.

அப்போது அவள் போன் அடித்தது. சைபர் பிரிவு.

"அம்மா, உங்க வேலை முடிஞ்சுது. அந்த சிங்கம் போன் இப்ப எந்த வீட்டுல இருக்குன்னு தெரிஞ்சு போச்சு. கடைக்குப் பின்பக்க வீடு. வண்டி தெருமுனைக்கு வந்தாச்சு."

"சார், வேண்டாம். வராதீங்க. நான் வாபஸ்..."

"அழ மாட்டேன்னு எழுதிக் குடுத்தீங்களே. அதெல்லாம் இப்ப நிறுத்த முடியாது. போன் யார் கையில இருக்கோ அவங்களைக் கூட்டிட்டுப் போறோம். நீங்க கேட்ட மாதிரியே, தெரு பார்க்க."

லைன் போய்விட்டது. சந்தின் வாசலில் ஒரு வண்டி நிற்கிற சத்தம். கதவுகள் திறந்து மூடுகிற சத்தம். சின்னவள் சிங்கத்தின் போனை இரண்டு கையாலும் நெஞ்சோடு அழுத்திக்கொண்டாள்.

அம்மா காது மெஷினைச் சரிசெய்துகொண்டு வாசல் பக்கம் திரும்பினாள். பொருத்தியவள் கைராசி, இப்போதெல்லாம் அவளுக்கு எல்லாமே கேட்கிறது.

"ஆளுங்க வர்றாங்க போல இருக்கே. நல்லதாப் போச்சு" என்றாள் அம்மா, பெட்டியை விட்டு எழுந்துகொண்டே. "இதைத் தூக்க நாம ரெண்டு பேர் போதாதேன்னு பார்த்துட்டு இருந்தேன்."